ஆராய்ந்து கொள்ளும் சிரத்தை



அறிவும் சமய நம்பிக்கையும் ஒன்றற்கொன்று பகை என்று கருதுவோர் பலர். மேனாட்டுச் சரித்திரம் அக்கருத்துக்கு இடந்தருகின்றது. பூமியே சூரியனைச் சுற்றுகின்றது என்ற கலிலியோவை 1633-இல் ரோமாபுரியின் சமய விசாரணை மன்றம் தண்டித்தது. அது பிழையென்று போப்பாண்டவர் வெளிப்படையாக ஒப்பியது 1992-இல்.

தென்னாட்டுப் பௌத்தத்திலோ அறிவே சமயத்தின் வாயிலாக நின்றது. காஞ்சிப் பகுதியிற் பிறந்தவரெனக் கூறப்படும் திக்நாகர், காட்சியும் அனுமானமுமே பிரமாணங்கள் என்று நிறுவினார்; நூல் சொல்லிற்று என்பதைத் தனிப் பிரமாணமாகக் கொள்ளவில்லை. மணிமேகலைக்கு அறவண அடிகள் உரைத்த அளவைகளும் அவ்விரண்டே. அவளும் பல சமயக் கணக்கர்தம் கொள்கைகளைக் கேட்டு ஆராய்ந்த பின்னரே மும்மணிகளைச் சரணடைந்தாள்.

காஞ்சிக்கு அண்மையதாகிய சித்தூர்ச் சீமையும் இவ்விஷயத்தில் நமக்கு ஓர் உதாரணம் தருகின்றது. 1911-இல் அமைந்த சித்தூர் ஜில்லாவிற் சேர்க்கப்பெற்ற மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909-இல் அடையாற்றில் அவரைக் கண்ட பிரம்மஞான சபையார், மைத்ரேயர் உலகாசிரியராக வெளிப்படுதற்குரிய உடல் இவருடையதே என்றனர். அவரைத் தலைவராகக் கொண்டு விண்மீன் சங்கம் என்பதொன்றும் எழுந்தது. 1929 ஆகஸ்டு 3-ஆம் நாள், ஹாலந்து தேசத்து ஓம்மென் நகரில், அன்னி பெசண்ட் அம்மையாரும் மூவாயிரவர்க்கு மேற்பட்ட அன்பர்களும் கூடியிருக்க, அச்சங்கத்தை அவரே கலைத்தார். எந்தச் சங்கமும் எவரையும் மெய்ம்மையிற் கொண்டு சேர்க்காது என்பது அவர் கூறிய காரணம். தம்மைத் தொழ வந்தோரைத் தொழவேண்டா என்று விலக்கிய துணிவு போற்றத்தக்கது.

ஆயினும், விலக்குவதோடு வேலை முடிந்துவிடுமா? பகவன் புத்தர் கேசபுத்த நகரத்துக் காலாமர்க்கு உபதேசித்ததை நோக்குங்கள். கேள்வி, பரம்பரை, நூல், குருபக்தி ஆகியவை பற்றி மட்டும் ஒன்றை ஏற்கவேண்டா என்றார். தர்க்கத்துக்குப் பொருந்துகின்றது என்பது பற்றி மட்டும் ஏற்கவேண்டா என்றும் அங்கேயே அருளினார்! பின்னர் எதைக் கொண்டு அளப்பது? ஒரு கொள்கையால் அவா, பகை, மயக்கம் என்பவை வளர்கின்றனவா, தேய்கின்றனவா என்பதே அவர் தந்த அளவுகோல். அவ்வாறு அளந்து கண்டதில் ஊன்றி நிற்பதே சிரத்தை. ஆதலின் ஐந்து இந்திரியங்களில் முதலாவது சிரத்தை, முடிவானது பிரஞ்ஞை. ஒன்று குறையின் மற்றது கெடும்.

இவ்வளவுகோலை முதலில் நம்மீதே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் வழங்கிய இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் ஒன்று, புத்தர் திருமாலின் அவதாரமல்லர் என்பது. திருமலையின் அடியில் வாழ்வோர் இவ்வுறுதியை எடுப்பது எளிதன்று. ஆனால் வேங்கடவன் படத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தே புத்தர் படத்தை மாட்டி, பிள்ளையின் பரீட்சைக்கும் பெண்ணின் கலியாணத்துக்கும் வேண்டிக்கொண்டால், மாறியது படமேயன்றி மனமன்று. போதிநாதர் வரந்தருபவரல்லர், வழி காட்டியவர்.

மற்றொருபுறம், நேர்த்திக்கடனுக்காக முடியிறக்கி ஏழுமலை ஏறிவரும் நம் உறவினரை நகைப்பதே பகுத்தறிவு என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அந்நகைப்பில் வளர்வது எது? பகையும் செருக்குமன்றோ? தர்க்கத்தில் வென்று தமக்கையின் மனத்தைப் புண்படுத்தியவன், காலாமர்க்கு உரைத்த அளவுகோலில் தோற்றவனே. அவள் கேட்கும்பொழுது காரணங்காட்டிச் சொல்லுவோம். கேளாதபொழுது வாழ்ந்து காட்டுவோம். நம் வீட்டில் கள் நீங்கி, பொய் நீங்கி, சாதிப்பேச்சு நீங்கியிருப்பதை அவளே காண்பாள். காட்சியினும் வலிய பிரமாணம் வேறென்ன?

ஆகவே, இவ்வுபோசத நாளில் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் ஒரு வழக்கத்தை எடுத்து இவ்வாறு அளந்து பார்ப்போமாக. தேறியதைக் கைக்கொள்வோம், தேறாததை, அது நம்முடையதேயாயினும், விடுவோம்.

பவது சப்ப மங்களம்!