வெறுங்கையுடன் ஏறும் மலை

திருவனந்தபுரத்தில் ஸ்ரீபத்மநாப சுவாமி திருக்கோயிலுக்கு அருகே, கிழக்குக் கோட்டையிலிருந்து தொடங்குகிறது சாலைக் கம்போளம். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைத்தெரு இது. தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வருகின்றனர். கற்பூரம், சாம்பிராணி, சந்தனம், குங்குமம் என்று பூஜைக்குரிய அனைத்தும் இங்கே கிடைக்கும். ஆனால் அகஸ்தியர்கூட யாத்திரைக்குப் புறப்படும் அன்பர் இவற்றில் எதையும் மலைக்குக் கொண்டுசெல்ல இயலாது. பிளாஸ்டிக், புகையிலை, மது ஆகியவற்றோடு பூஜைப் பொருள்களையும் வனத்துறை தடை செய்துள்ளது.

மதுவையும் கற்பூரத்தையும் ஒரே பட்டியலில் காணும்போது பக்தனின் மனம் சற்று வருந்துவது இயல்பே. எனினும் காய்ந்த புல்வெளியில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த வருத்தம் நீங்கிவிடும். சிகரத்தில் முனிவரின் திருவுருவம் இருக்கிறது. அதன் முன்னால் நிற்பவன் கைகூப்புவதன்றி வேறொன்றும் செய்ய முடியாது. பொருளைச் சமர்ப்பித்து நிறைவு காணப் பழகிய மனத்துக்கு இது கடினமான பாடம்.

பொதிகை மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்துக்கு ஆண்டுதோறும் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அனுமதி வழங்கப்படுகிறது. முன்பதிவு செய்தவர்கள் விதுர வழியாகப் போணக்காடு சென்று, வழிகாட்டிகளின் துணையுடன் நடக்கத் தொடங்குவர். முதல் நாள் ஆறுகளையும் புல்மேடுகளையும் கடந்து அதிருமலை முகாமை அடைதல். மறுநாள் சிகரம் ஏறி முகாமுக்கே திரும்புதல். மூன்றாம் நாள் இறங்குதல். முகாமின் கொட்டகையில் அதிகாரியும் கூலித் தொழிலாளியும் பாய் விரித்து அருகருகே படுக்கின்றனர். கஞ்சி எல்லோருக்கும் ஒன்றே. இரவில் ஒருவர் விடும் குறட்டையை இன்னொருவர் பொறுத்துக்கொள்வதும் தவத்தின் ஒரு பகுதி என்றே கொள்ளலாம்!

வழிகாட்டிகளாக வருபவர்களில் இம்மலையின் பழங்குடியினரான காணிக்காரர் பலர். அகஸ்தியரைத் தம் குலத்தின் காவலராகப் போற்றுபவர்கள் அவர்கள். 1987-ஆம் ஆண்டு தாவரவியல் ஆய்வாளர் குழு ஒன்று இக்காட்டில் நடந்தபோது ஆய்வாளர்கள் களைத்துப்போயினர். உடன் வந்த காணிக்காரர்களோ சிறு காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று கேட்டதற்கு அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினர். குலத்துக்குள் காக்கப்பட்ட அறிவு அல்லவா? இறுதியில் செடியை அடையாளம் காட்டினர். ஆரோக்கியப் பச்சை என்னும் அந்த மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995-இல் அதன் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டபோது, உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெறுவதற்காக 1997-இல் அவர்களது நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிந்தவனிடமிருந்து பெற்றதற்குக் கடன் தீர்க்க வேண்டும் என்ற பழைய தர்மத்தை அறிவியல் உலகம் கடைப்பிடித்த அரிய நிகழ்ச்சி அது. மூன்று நாள் அவர்கள் காலடியைப் பின்பற்றி நடந்துவிட்டு, ஊர் திரும்பியதும் ‘நான் மலையை வென்றேன்’ என்று பேசுபவன் அந்தக் கடனை மறந்தவனே.

2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பெண்களையும் அனுமதிக்க ஆணையிட்டது. 2019 ஜனவரியில் முதல் பெண் யாத்திரிகர் புறப்பட்டபோது காணிக்காரர்கள் தங்கள் மரபை எண்ணி எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஆனால் வழியை மறிக்கவில்லை. வேதனையிலும் வரம்பு மீறாத அந்தப் பண்பு படித்தவர்களிடமும் எளிதில் காணக்கிடைப்பதன்று.

யாத்திரையின் உண்மையான சோதனை இரண்டாம் நாள் காத்திருக்கிறது. பொங்கலப்பாறையைக் கடந்தபின் செங்குத்தான பாறைகளில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். உடன் வந்த முதியவரின் கால்கள் அங்கே தளர்ந்துவிடலாம். அவரைத் தனியே விட முடியாது. ஒருவர் உடன் தங்க வேண்டும். அல்லது மூடுபனி இறங்கி, ‘இன்று இதற்குமேல் வேண்டாம்’ என்று வழிகாட்டி சொல்லிவிடலாம். ஓராண்டாகக் காத்திருந்து, விடுப்பு எடுத்து, பணம் செலவிட்டு வந்தவனுக்குச் சிகரம் கண்ணெதிரே நிற்கிறது. அப்போது அவனுள் எழும் கோபத்துக்கு ‘பக்தி’ என்று பெயர் சூட்டிக்கொள்வது மிகவும் எளிது.

அந்தக் கணத்தில் நினைக்க வேண்டியது இம்மலைக்குரிய முனிவரின் வரலாறு. சிவபெருமானின் திருமணத்தைக் காண அனைவரும் கயிலையில் கூடினர். பாரம் தாங்காமல் வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது. உலகைச் சமன்செய்யத் தெற்கே செல்லுமாறு இறைவன் ஆணையிட்டது அகஸ்தியருக்கு. தேவரும் முனிவரும் கண்குளிரக் காணப்போகும் காட்சி அவருக்கு மட்டும் இல்லை! குறுமுனிவரின் உள்ளம் அப்போது கலங்காதிருந்திருக்குமா? ஆயினும் அவர் சென்றார். வழியில் செருக்குற்று வளர்ந்து நின்ற விந்தியத்தைத் தாழச்செய்து, பொதிகையை அடைந்து, இங்கேயே தங்கினார். பின்னர் இம்மலையின் மறுபுறம், பொருநைக் கரையில் உள்ள பாபநாசத்தில், இறைவனே மணக்கோலத்தில் அவரைத் தேடி வந்து காட்சியளித்தான் என்கிறது தலபுராணம்.

கயிலையை விட்டு இறங்கி வந்தவரைத் தரிசிக்கவே இத்தனை பேர் மலை ஏறுகின்றனர். பாறையடியில் முதியவருக்குத் துணையாக அமர்ந்துவிட்ட இளைஞனை, மேலே சென்றவர்கள் திரும்பி வந்து, ‘நீ தரிசனத்தை இழந்துவிட்டாயே’ என்று கேட்கக்கூடும். அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் முகாமை அடைய வேண்டும். வழிகாட்டி முன்னே நடக்கத் தொடங்கியிருப்பார்.