மடையானைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்!

நெய்வேலிக்குப் போகிறவர்கள் சுரங்கத்தை எட்டிப் பார்த்து, 'அடேங்கப்பா!' சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி வாலாஜா ஏரி இருக்கிறது. விடிகாலையில் அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம்... அது நாமக்கோழி. முக்குளிப்பான் ஓரிடத்தில் முங்கி, நாம் எதிர்பார்க்காத இடத்தில் தலை நீட்டும். கரையோரம் மண்கட்டி மாதிரி ஏதோ கிடக்கும். கிட்டே போனால் வெள்ளைவெளேர் சிறகை விரித்துப் பறக்கும். அதுதான் மடையான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், படு கெட்டிக்காரப் பறவை!

இந்த ஏரிக்குத் தண்ணீர் வரும் வழி விசித்திரமானது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. ராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டுவிடும். முதல் நிலக்கரி தட்டுப்பட்ட 1961-லிருந்தே இறைக்கிறார்கள். அதில் ஒரு பங்கு இங்கே வருகிறது. ஏரியைத் தூர் வாரிக் கொடுத்ததும் என்.எல்.சி.தான்.

"சுரங்கத்தாலதானே சார் ஏரி நிறைஞ்சுது, பறவை வந்துது... அப்புறம் என்ன குறை?" என்கிறது ஒரு கட்சி.

"எங்க கிணத்துத் தண்ணி எங்கே சார்?" என்கிறது இன்னொரு கட்சி.

2023 ஜூலையில், வளையமாதேவியில் பச்சை நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதை டி.வி-யில் பார்த்தோம். 'எப்போதோ கையகப்படுத்திய நிலம்' என்றது நிறுவனம். 'அறுப்பு வரைக்கும் பொறுக்கக் கூடாதா?' என்றார்கள் விவசாயிகள்.

ஓரிடத்தில் செய்த நல்லது, இன்னோரிடத்தில் செய்த கெடுதலுக்கு ஈடாகுமா?

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த பதில் இது. ராமசாமியிடம் வாங்கிய கடனை கிருஷ்ணசாமியிடம் கட்டினால் ராமசாமி கணக்கு தீராது. 'ஊருக்குத்தானே கொடுத்தேன்' என்றாலும் பாக்கி பாக்கிதான். அதற்காக, கிருஷ்ணசாமி கையில் இருக்கும் பணம் செல்லாக்காசும் ஆகாது. ஏரி நிஜம், பறவை நிஜம், காப்பாற்ற வேண்டியதும் நிஜம். வயலை இழந்தவரின் பாக்கி மட்டும் தனிப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது.

அந்தப் பக்கத்தில் நம் பெயரும் உண்டு. நெய்வேலி மின்சாரத்தில்தானே நம் வீட்டு ஃபேனும் சுற்றுகிறது!

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மடையான் கேட்காது. அதற்குக் கேட்கத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால், 'பறவையே வந்துவிட்டது, பாருங்கள்' என்று யாராவது சொன்னால், பறவையை ஆசை தீரப் பார்த்துவிட்டு, ராமசாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

மடையான் யாருக்கும் நற்சான்று தர வரவில்லை. மீன் பிடிக்க வந்திருக்கிறது.