குழந்தையின்மை: கணவன் தன் குறையை மறைக்கலாமா?



நிகாஹ் முடிந்து இரண்டு வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், நம் ஊர்களில் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போகப்படுவது மனைவிதான். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய்க்கு எக்ஸ்ரே, சில வீடுகளில் லேப்ராஸ்கோப்பி வரை அவள் போய் வந்துவிடுகிறாள். கணவர் வெளியே உட்கார்ந்து பில் கட்டிக்கொண்டிருப்பார். அவர் செய்ய வேண்டிய முதல் பரிசோதனைக்கு ஊசிகூடத் தேவையில்லை. "எனக்கெல்லாம் ஒன்றும் இருக்காது" என்று அதை மட்டும் தட்டிக்கழிப்பார்.

எதை வைத்து அப்படிச் சொல்கிறார்? தாம்பத்தியத்தில் தனக்குக் குறையில்லை என்பதை வைத்து. நம்முடைய ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். உறவுகொள்ள இயலாதவருக்கு 'இன்னீன்' என்றும், பிள்ளைப்பேறு இல்லாதவருக்கு 'அகீம்' என்றும் தனித்தனிப் பெயர், தனித்தனிச் சட்டம். திடகாத்திரமான ஆணின் விந்திலும் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம் என்று இன்று நுண்ணோக்கி காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

ஷூரா அத்தியாயத்தின் 49, 50-ஆம் வசனங்களைப் பாருங்கள். தான் நாடியவருக்குப் பெண்மக்களையும், நாடியவருக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இருவரையும் தருவதாகக் கூறும் அல்லாஹ், நாடியவரைப் பிள்ளையற்றவராக ஆக்குவதாகவும் கூறுகிறான். 'நாடியவர்' என்ற அந்தச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'மலடி' என்று பெண்ணுக்கு மட்டும் பட்டம் கட்டியது நம் தெருதான், குர்ஆன் அல்ல. ஜகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை கேட்டுச் செய்த துஆவை மர்யம் அத்தியாயத்தில் ஓதினால், முதலில் தன் எலும்பு பலவீனமானதையும் தலை நரைத்ததையும் சொல்லிவிட்டுத்தான் மனைவியின் நிலைக்கு வருகிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். தனக்குக் குறை இருப்பது தெரிந்த கணவன் அதை மனைவியிடம் சொல்லக் கடமைப்பட்டவனா?

உமர் (ரலி) அவர்கள் ஒருவரைப் பணிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அங்கே ஒரு பெண்ணை மணந்துகொண்டார். அவருக்கோ பிள்ளைப்பேறு கிடையாது. அதை அவளிடம் சொன்னாயா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றார். போய்ச் சொல்லிவிட்டு, உன்னோடு இருப்பதா பிரிவதா என்ற முடிவை அவளிடமே விடு என்று உத்தரவிட்டார்கள். முஸன்னஃப் அப்துர் ரஸ்ஸாக்கில் பதிவாகியுள்ள இச்செய்தியை இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) ஸாதுல் மஆதிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளைப்பேறின்மை என்ற ஒரே காரணத்துக்காக நிகாஹை ரத்து செய்யும் உரிமையைப் பெரும்பாலான இமாம்கள் தரவில்லை என்பது உண்மை. ஆனால் ரத்து செய்யும் உரிமை வேறு, உண்மையை அறியும் உரிமை வேறு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள். தானியத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு பெண்ணின் ஆயுளுக்கு?

"குறையை மறைக்கத்தானே மார்க்கம் சொல்கிறது?" என்று கேட்பீர்கள். ஆம், ஊரிடம் மறையுங்கள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் எவருக்கும் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் மனைவி ஊரில் ஒருத்தி அல்லள். உங்கள் தாயார் அவளைக் குத்திப் பேசும்போது, உண்மை தெரிந்தும் நீங்கள் வாய்மூடி இருந்தால் அதற்குப் பெயர் மறைத்தல் அல்ல. உங்கள் சுமையை அவள் தலையில் ஏற்றி வைத்த அநியாயம் அது.

"என் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்லும் மனைவியரும் உண்டு. அது அவர்களின் பெருந்தன்மை. கணவன் கேட்டு வாங்கக்கூடிய பொருளல்ல. "வைத்தியம் இருவருக்கும் நடக்கிறது, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்" என்று தாயிடம் கூற எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை. பிள்ளைக்காக இரண்டாவது நிகாஹ் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, உங்கள் பரிசோதனை முடிந்ததா என்பதைத்தான். பலர் அதன் பிறகு வருவதில்லை.

பரிசோதனைக்கு அஞ்சுவதில் நியாயமும் இல்லை. காரணங்களில் பல சரிசெய்யக்கூடியவை. விரைப்பையின் ரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும் வெரிகோசில், பிள்ளையில்லா ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்படுகிறது. தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. புகையிலை, அதிக எடை, அடுப்படி வெப்பத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை, இவையும் விந்தணுவைப் பாதிக்கக்கூடும். ஜிம்முக்குப் போகும் வாலிபர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தசைக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், போதுமென்று மூளை நினைத்து விந்தணு உற்பத்திக்கான கட்டளையையே நிறுத்திவிடும். ஆண்மைக்கென்று போடும் ஊசி தகப்பனாகும் வழியை அடைக்கிறது. நிறுத்திய பின்னும் மீண்டுவர மாதக்கணக்கு ஆகும்.

பிறவியிலேயே குரோமோசோமில் வரும் குறைகளும் உண்டு. அவற்றில் எவருடைய குற்றமும் இல்லை. விந்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், சிலருக்கு விரையிலிருந்தே விந்தணுவை எடுக்க முடிகிறது. ஒற்றை விந்தணுவைச் சினைமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் பிள்ளை பிறந்த செய்தி பெல்ஜியத்திலிருந்து 1992-ல் வெளியானது. கணவனின் விந்தணுவையும் மனைவியின் முட்டையையும் வெளியே இணைத்து அதே மனைவியின் கருப்பையில் வைப்பதைத் தேவைக்காக, உரிய எச்சரிக்கையோடு, சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் அம்மானில் கூடி அனுமதித்தது. மூன்றாவது நபரின் விந்தணுவோ முட்டையோ ஹராம். ஆகவே உங்கள் மாதிரி வேறொருவருடையதோடு கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு என்று மருத்துவமனையில் கேட்கத் தயங்காதீர்கள்.

மாதிரி எடுப்பதில் வெட்கப்படுகிறவர்கள் மனைவியின் துணையோடு வீட்டிலேயே எடுக்கலாம். உடல் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். சாதாரண ஆணுறை உதவாது; பரிசோதனைக்கென்றே தனி உறை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. சமீபத்தில் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். எனவே முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் அதோடு முடிவு கட்டாமல் மறுபடியும் பரிசோதியுங்கள். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைக்காகக் கையேந்தி நிற்கும் நம் மஹல்லாவின் தம்பதிகளுக்கு அல்லாஹ் ஸாலிஹான சந்ததிகளைத் தருவானாக! ஆமீன்.