இறந்தவரின் குறையைச் சொல்லலாமா?

நெருங்கிய ஒருவர் போன பிறகு அவரைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்பது எல்லா வீட்டிலும் எழுகிற அறக்கேள்வி. போனவர் உறவாகவும் உயிர்த்தோழராகவும் இருந்தவர் என்றால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. தோளில் கைபோட்டுத் திரிந்த மைத்துனர், ஒரே பாயில் படுத்துக் கதை பேசி வளர்ந்த சித்தி மகள் போன்றவர்களை உறவாக நினைத்தால் குடும்ப மானம் வாயைக் கட்டுகிறது. நட்பாக நினைத்தாலோ, அறிந்த உண்மை உள்ளே கிடந்து உறுத்துகிறது.

ஊர் வழக்கம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: செத்தவரைக் குறை சொல்லாதே. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் படமும் பெயரும்தான் மாறுகின்றன. பாசத்தின் சிகரமும் பண்பின் உறைவிடமும் மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு மலர் இதைவிட விரிவானது. கல்வெட்டு என்றும் அதைச் சொல்வார்கள். பிறந்த ஊர், வம்சம், படித்த பள்ளி, பார்த்த உத்தியோகம், இறந்த திதி என்று ஒரு வாழ்க்கையின் வெளிக்கோடு முழுவதும் அதில் கிடைக்கும். ஊர் வரலாறு எழுதுவோருக்கு அது பெரும் செல்வம். ஆனால் அந்த மனிதர் எதற்குக் கோபப்பட்டார், யாரோடு பேசாமல் இருந்தார், கடைசியில் எதற்காக வருந்தினார் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

வழக்கத்தின் பக்கம் நியாயம் உண்டு. இறந்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அவருடைய குறைக்குப் பின்னால் அவர் மட்டுமே அறிந்த காரணம் இருந்திருக்கலாம். மனைவி மக்கள் துடித்துக்கொண்டிருக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்க உட்காருவது கொடுமை. ஆகவே காரியம் முடியும் வரை வாய் மூடியிருப்பது அறமே. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆண்டுகள் போகப்போக, துக்கத்துக்காகக் காத்த மௌனம் பொய்யாக இறுகுகிறது. பேரப்பிள்ளைக்கு ஒரு மாசற்ற மகான் கிடைக்கிறார், தாத்தா கிடைப்பதில்லை. கைமாற்று கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாமல் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததைத் தூக்கிக் கொடுத்தவர், அதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், மறுவாரமும் அதையே செய்தவர்: அவரைத்தான் நண்பர்கள் நேசித்தார்கள். ‘வள்ளல்’ என்ற ஒற்றைச் சொல்லில் அந்த மனிதரும் இல்லை, அந்த மனைவி பட்ட பாடும் இல்லை. யாருக்கும் பொருந்தும் புகழ்ச்சி யாரையும் நினைவுகூர்வதில்லை.

பழைய நடுகற்கள் இந்த இடத்தில் நமக்குப் பாடம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் இருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர் என்றும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுத்து சொல்கிறது. அடைமொழி அடுக்கு எதுவும் கிடையாது. அவன் யார், எப்படி மாண்டான், பக்கத்தில் எது நின்றது என்பதோடு செய்தி முடிகிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒருவன் வேறொருவனாகிவிடாமல் நிற்பதற்கு அந்த நுணுக்கமே காரணம்.

அப்படியானால் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடலாமா? கூடாது. குறை வேறு, ரகசியம் வேறு. முன்கோபம், பிடிவாதம், கணக்கு வழக்கில்லாத செலவு இவையெல்லாம் அவர் வாழும்போதே நாலு பேர் பார்த்தவை. அவரே ஒப்புக்கொண்டு சிரித்தவை. அவற்றைச் சொல்வதில் துரோகம் இல்லை. இறந்தவர் ஒருவரை நம்பி, அந்த ஒருவர் காதில் மட்டும் போட்டுவைத்த விஷயம் அப்படியல்ல. நம்பியவர் இறந்ததால் நம்பிக்கை காலாவதியாகிவிடாது. விடுவிக்க வேண்டியவர் இல்லை என்பதால் காக்கும் பொறுப்பு கூடத்தான் செய்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இறந்தவரால் இன்னொருவர் பாதிக்கப்பட்டிருந்தால், அந்த உண்மை இறந்தவரின் சொத்து மட்டுமல்ல. பாதிக்கப்பட்டவருக்கும் அதில் பங்குண்டு. ‘போனவரைப் பற்றி இப்போது என்ன பேச்சு’ என்று அவரை அடக்குவது அன்பின் பெயரால் செய்யும் அநீதி.

தமிழ் முஸ்லிம்களிடையே பாதிக்கப்பட்டவருக்கு இடம் தரும் ஒரு நேர்மையான முறை வழக்கத்தில் இருக்கிறது. ஜனாஸா தொழுகைக்கு முன் மகனோ சகோதரனோ ஜமாஅத்தின் முன்னால் நின்று சொல்வார்: என் தகப்பனார் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு, யார் மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். தந்தை தவறியிருக்கக்கூடும் என்று மகனே ஊரறியச் சொல்கிறான். அதனால் தந்தையின் கண்ணியம் குறைவதில்லை. அந்தத் தவறைத் தன் தோளில் ஏற்றுக்கொள்வதால், மகனின் அன்பு எந்தப் புகழுரையைவிடவும் உயர்ந்து நிற்கிறது.

குறையைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. இறந்தவரின் குறைக்குப் பொறுப்பேற்கத் துணிந்தவருக்கே அதைச் சொல்லும் உரிமை உண்டு. அவர் கடனை அடைப்பவரும், அவரால் நொந்தவரிடம் போய் உட்காருபவரும், அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்குத் துணை நிற்பவரும் அவரைப் பற்றி உள்ளது உள்ளபடி பேசட்டும். அந்தப் பேச்சில் புறணி இருக்காது. இவற்றில் எதையும் செய்யாமல் குறை மட்டும் பேசுபவர் வாயை மூட வேண்டும். எதையும் செய்யாமல் புகழ் மட்டும் பேசுபவரும் அப்படியே.