கழற்றிய குழாயை விற்கலாமா?



மோட்டார் சைக்கிளுக்கென்று கடையில் தனியாக வாங்கி மாட்டிய பேரோசைக் குழாயைக் கழற்றிவிட்டு, கம்பெனியார் கொடுத்த பழைய சைலன்சரையே மறுபடி பூட்டிக்கொள்ள ஒரு வாலிபர் தீர்மானிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காரியந்தான். கழற்றிய குழாயோ சில ஆயிரம் ரூபாய் பெறும். வத்தலக்குண்டுப் பக்கத்து வாலிபர் ஒருவர் அதைப் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? இதென்ன பெரிய கேள்வி என்று தள்ளிவிடாமல் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

சப்தத்திலே இரண்டு வகை உண்டு. நம் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையின் சுத்தியல் ஒலிக்கிறது. நூல் மில் இரைகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிய லாரி நடுநிசியில் உறுமிக்கொண்டு போகிறது. இவையெல்லாம் வேலையோடு ஒட்டி வருகிற சப்தம். சப்தமில்லாமல் அந்த வேலை நடக்குமானால் பட்டறைக்காரரே முதலில் சந்தோஷப்படுவார். பேரோசைக் குழாய் அப்படியல்ல. அங்கே சப்தமே சரக்கு. அதற்காகவே பணம் கொடுக்கிறோம். ஜெர்மானிய தத்துவ ஞானி ஷோபன்ஹவர், 1851-இல் வெளியான தம் நூலில், வண்டிக்காரர்கள் தெருவில் சும்மா சாட்டையைச் சொடுக்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். குதிரைக்கு அந்த ஓசை பழகிப் போயிற்று, அதனால் வேகம் கூடுவதில்லை என்பது அவர் வாதம். மனிதர் கொஞ்சம் சிடுமூஞ்சிதான். ஆனாலும் இந்த ஒரு வாதத்தை மறுப்பது கஷ்டம்.

“சப்தம் கேட்டால்தான் லாரிக்காரர் விலகுவார், உயிருக்குப் பாதுகாப்பு” என்பார்கள். குழாயின் வாய் பின்பக்கம் பார்த்தல்லவா இருக்கிறது! முன்னே போகிறவருக்கு ஹாரன் உண்டு. எதிரே வருகிறவருக்காக, 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு எரிகிறது.

சைலன்சருக்குள்ளே மாயம் ஒன்றுமில்லை. எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை, அறைகளிலும் துளையிட்ட குழல்களிலும் புகுந்து திரும்பி, வேகம் தணிந்து வெளியேறுகிறது. அந்த அறைகள் இல்லையென்றால் வெடியோசை அப்படியே தெருவுக்கு வரும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2000-ஆம் வருஷத்து விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று அளவு வைத்தன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒலி விதியை மீறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் கிடக்கட்டும். நம்முடையது பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கதவுக்குப் பூட்டு உண்டு, காதுக்கு இல்லை. இராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் கண்ணயரும் மில் தொழிலாளியும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையும் என்ன செய்வார்கள்? பிறர் பொருளை எடுத்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சிறு குறிப்பிடம் படித்த பிள்ளையும் சொல்லும். கலைத்த நித்திரையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? இனி எடுக்காதிருப்பது ஒன்றே நம்மால் ஆகக்கூடியது.

இப்போது விற்பனைக்கு வருவோம். குழாய் வத்தலக்குண்டுக்குப் போனால் சப்தம் நின்றதா? தெருதான் மாறியது. வாங்குகிறவர் அதை என்ன செய்வார் என்பது விற்கிறவருக்கு நன்றாய்த் தெரியும். ஆகவே “மாட்டுகிறவர் அவர், நான் அல்ல” என்ற சமாதானம் செல்லாது. கோயம்புத்தூரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்தில் மாத்திரம் ஓட்டுகிறவர் கேட்டால் தடையில்லை, கொடுக்கலாம். மற்றவருக்குக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். 2024-இல் விசாகப்பட்டினத்தில் போலீஸார் நூற்றுக்கும் மேற்பட்ட சைலன்சர்களை வரிசையாய்க் கிடத்தி ரோடு ரோலர் ஏற்றினார்கள். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு நஷ்டம் வந்தது. அதற்காக அவர்கள் நியாயம் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் குழாயை என்ன செய்வது? மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டாய் அறுத்து, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். கிடைப்பது சொற்பந்தான். கம்பெனி சைலன்சரை முன்பே தொலைத்துவிட்டவர்களுக்குச் செலவு இன்னும் கூடும். புதுவகை வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் பாகமும் பெரும்பாலும் அதனோடேயே சேர்ந்திருப்பதால் விலை அதிகம். பூட்டும்போது கேஸ்கட்டையும் புதிதாய் வைக்கச் சொல்லுங்கள்; பழையது கசிந்தால் அந்த இடுக்கு வழியாகவே சப்தம் வரும்.