கொடையும் பறையும்

கொடுத்தவன் மறந்துவிட வேண்டும், பெற்றவன் மறவாதிருக்க வேண்டும் என்பது நம் பெரியோர் வகுத்துச் சென்ற நெறி. கொடையைப் பறையறைந்து சொல்லுதல் அதன் பயனைக் குறைக்கும் என்றும் அவர்கள் கருதினர். ஆயினும் நம் திருக்கோயில்களில் தொங்கும் குழல்விளக்குகளைப் பார்க்கின், உபயதாரரின் பெயர் வெளிச்சத்தில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்பதைக் காண்கிறோம். பிறரைக் குறை கூறுவானேன்? விழா மலர்களின் பின்பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக அச்சாகின்றன. அவ்வரிசையில் தம் பெயர் விடுபட்டதென்று மனம் வருந்திய அன்பர்களையும் யாம் அறிவோம்.

ஆகவே ஒரு கேள்வி எழுகின்றது. கொடையைக் கூவி அழைத்துப் பெறலாமா? அதிலும், நோயுற்ற ஒரு குழந்தையை ஊரறியக் காட்டிப் பொருள் திரட்டுதல் அறமாகுமா? இதனை வெறும் தத்துவ விசாரமாக விடாமல், நடந்த வரலாறு ஒன்றை முன்வைத்துச் சிந்திப்பது நலம். களம் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரம், ஆண்டு 1948.

அந்நாளில் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து என்பதே கிடையாது. நோய் இன்னதென்று தெரிந்தபின் எஞ்சியிருப்பவை சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் அறிஞராக இருந்த சிட்னி ஃபார்பர், உயிர் நீங்கிய உடல்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர். குழந்தைகள் இறந்த பின்னரே தம்மிடம் வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறாமல், உயிரோடிருக்கும்போதே ஏதேனும் செய்ய முற்பட்டார் போலும். ஃபோலிக் அமிலம் என்னும் சத்து இந்நோயைத் தணிப்பதற்கு மாறாக வளர்ப்பதுபோல் அவருக்குத் தோன்றிற்று. அங்ஙனமாயின் அச்சத்தின் வேலையைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்கக் கூடுமன்றோ?

அத்தடைப்பொருளை அவருக்கு அளித்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் யார் என்பது நமக்கு உவகை தரும் செய்தி. அவர் யல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அண்ணல் காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாமற் போனவர். தம் உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். 1923-இல் பாஸ்டனுக்குச் சென்ற அவர், பின்னாளில் லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கி, அவர் குழுவினரைக் கொண்டு ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர்ப்பொருள்களையும் ஆக்குவித்தார். அவற்றுள் ஒன்றே அமினோப்டெரின் என்பது. அதன் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றளவும் மருத்துவத்தில் வழங்கி வருகின்றது. கண்டுபிடிப்புகளுக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்வதில் நாட்டமற்றிருந்த அம்மேதை 1948 ஆகஸ்டில் மறைந்தார். அவர் பெயரை நம் நாட்டிலேயே அறிந்தோர் சிலர். மறைந்து நின்று கொடுத்தல் என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பதின்மரிடம் நோய் பின்வாங்கிற்று. ஆனால் அது தற்காலிகமே. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. 1948 ஜூனில் வெளியான அவ்வாராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே தற்காலிகம் என்னும் சொல்லை அவர் ஒளிக்காமல் இட்டார். எனினும், அசையாது நின்ற மலை ஓரங்குலம் அசைந்துவிட்டது. மேலும் அசைக்கப் பொருள் வேண்டும். பொருளுக்கு எங்கே போவது?

இங்குத்தான் விளையாட்டு வீரர்கள் வருகின்றனர். நியூ இங்கிலாந்தின் வெரைட்டி கிளப் என்னும் திரையரங்கத் துறையினர் சங்கம் ஃபார்பருக்குத் துணை நின்றது. அவர்கள் ஏற்பாட்டின்படி 1948 மே 22-ஆம் நாள், நாடெங்கும் கேட்கப்படும் வானொலி நிகழ்ச்சியொன்றில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பேசினான். அவனுக்கு ஜிம்மி என்று புனைபெயர் இட்டிருந்தனர். தொலைவில் ஹாலிவுட்டிலிருந்து நிகழ்ச்சியை நடத்திய ரால்ஃப் எட்வர்ட்ஸ், உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று வினவ, சிறுவன் பாஸ்டன் பிரேவ்ஸ் என்னும் பேஸ்பால் அணியினரின் பெயர்களைச் சொன்னான். பெயர் சொல்லச் சொல்ல அவ்வீரர்களே ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் நுழைந்தனர்! முடிவில் எல்லாரும் சேர்ந்து அவ்வாட்டத்திற்குரிய பாட்டொன்றைப் பாடினர். சிறுவன் சுருதி பிசகாமல் பாடினான் என்று எவரும் சொல்லவில்லை.

நிகழ்ச்சித் தலைவர் பின்னர்க் கேட்போரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இருபதாயிரம் டாலர் சேருமாயின், ஆட்டத்தைக் கண்டு மகிழ ஜிம்மிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கிடைக்கும் என்பதே அது. சேர்ந்ததோ இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல். சிறுவனுக்குப் பெட்டியும் வந்தது. ஜிம்மி நிதி என்னும் அறக்கட்டளை அன்று பிறந்தது. அதன் பொருளால் எழுந்த கட்டடத்தில் 1952 முதல் குழந்தைகள் மருத்துவம் பெறலாயினர்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இதில் குறை காண்பவனுக்கு இடமில்லாமலில்லை. பெயரே பொய். தொலைக்காட்சிப் பெட்டிக்காக என்று கேட்டதோ ஆராய்ச்சிக்கான பொருள். நோயைப் பற்றி அதிகம் கூறாமல் ஆட்டத்தைப் பற்றியே பேசினர். கேட்டவர்கள் மனம் உருகியது துன்பத்தை உணர்ந்தா, அன்றி வீரர்கள் வரும் வேடிக்கையில் மயங்கியா? அப்படுக்கைக்கு அடுத்த படுக்கையில் கிடந்த குழந்தைக்கு எந்த வீரர் வந்தார்?

பெயரைப் பற்றிய ஐயம் எளிதில் தீர்வது. குழந்தையின் மானத்தையும் தனிமையையும் காக்கும் பொருட்டே அப்பெயர் இடப்பட்டது. எவரையும் வஞ்சியாத, எளியதொன்றைக் காக்கின்ற மறைப்பைப் பொய் என்று எண்ணுவதற்கில்லை. மேலும் முகமில்லாத அப்பெயர் ஒரு குழந்தைக்கு உரியதாக நில்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாயிற்று. அடுத்த படுக்கையிற் கிடந்ததும் ஜிம்மியே.

வேடிக்கையைப் பற்றிய ஐயமோ அத்துணை எளிதன்று. துன்பத்தைக் கண்டு இரங்குவதே ஈகையின் வேர் என்கிறோம். ஆனால் மிகுந்த துன்பத்தைக் காணும்போது மனிதர் இரங்குவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இறக்கும் குழந்தையின் அறைக்குள் அயலான் எவனும் மனமுவந்து நுழையான். தன் வீட்டிலும் குழந்தை உண்டு என்னும் அச்சம் அவனைத் தடுக்கும். ஆட்டக்காரர்கள் அன்று செய்த பேருதவி, அவ்வறையின் கதவைத் திறந்து விட்டதுதான். அவர்கள் பின்னால் ஒரு தேசமே உள்ளே நுழைந்தது. மகிழ்ச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் ஆயினும், வந்து பார்த்தார்களல்லவா?

அவ்வணி 1953-இல் மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. ஒரு காலத்தின் உற்சாகம் என்று அறம் அத்துடன் ஓய்ந்திருக்கலாம். மாறாக, அந்நகரின் மற்றோர் அணியாகிய ரெட் சாக்ஸ் அப்பொறுப்பை ஏற்றது. இன்றும் தாங்கி வருகிறது. அவ்வணியின் தலைசிறந்த வீரரான டெட் வில்லியம்ஸ் பத்திரிகையாளரோடு ஓயாது பூசலிட்டவர். கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். அவர் நோயுற்ற குழந்தைகளின் படுக்கையருகே சென்று அமர்வார். அது பற்றி ஒரு வரியும் எழுதலாகாது, புகைப்படம் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அதே வீரர் நிதிக்காகப் பொது மேடைகளில் தோன்றவும் தயங்கியதில்லை. 1960-இல் அவர் தம்பியே இரத்தப் புற்றுநோயால் மாண்டார் என்பதையும் இங்கு நினைக்க வேண்டியிருக்கிறது.

இவரிடத்தில் நம் கேள்விக்கு விடை இருப்பதாகவே எமக்குத் தோன்றுகிறது. பிறரைக் கொடுக்கச் சொல்லும்போது பறை வேண்டும். தான் கொடுக்கும்போது அது வேண்டா. இவ்விரண்டையும் ஒருவரே செய்யலாம் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நம்மிற் பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். நம் கொடைக்குப் பறை கொட்டுவோம். பிறர் பொருட்டுக் கேட்க வேண்டிய இடத்தில் நாணி மௌனமாவோம்.

கேட்பது கொடுப்பதினும் அரிது. இதனை அறிய 1980-ஆம் ஆண்டு தொடங்கிய மற்றொரு முயற்சியைப் பார்க்கலாம். தாயைப் புற்றுநோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் என்பவர், தம் நண்பர்கள் முப்பத்தாறு பேருடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தை மிதிவண்டியில் குறுக்கே கடந்தார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம் பொருள் கேட்டுப் பெற்றனர். முதலாண்டில் சேர்ந்தது பத்தாயிரத்துச் சொச்சம் டாலர். ஆண்டுதோறும் தொடர்ந்த அச்சவாரியில் இன்றுவரை திரண்டது நூறு கோடி டாலருக்கும் மேல். அது ஃபார்பர் நிறுவிய நிலையத்திற்கே, ஜிம்மி நிதி வழியாகச் செல்கிறது. 1989 முதல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டப் பாதையில் நடைப்பயணம் ஒன்றும் நிகழ்கிறது.

மிதிவண்டியை மிதிப்பதால் எந்தக் குழந்தைக்கு நோய் தீரும் என்று அறிவாளி ஒருவர் கேட்கலாம். அப்பணத்தைப் பேசாமல் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாகாதா? கேள்வி நியாயமே. ஆனால் பாதயாத்திரை போகும் நம்மவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். பேருந்து இருக்கிறதே, கால் நோக நடப்பானேன்? உடலை வருத்திக்கொள்ளும்போது, வாயளவில் இருந்த விருப்பம் விரதமாகிறது. அவ்வாறு விரதம் பூண்டவன் வந்து கேட்கும்போது, அயலானால் எளிதில் மறுக்க முடிவதில்லை. தனக்கென இரப்பது இழிவு. பிறர்க்கென இரப்பவன் அவ்விழிவைத் தான் ஏற்றுக்கொண்டு, பயனைப் பிறர்க்கு விடுகிறான். உஞ்சவிருத்தி எடுத்த பாகவதர்களைத் தெருவில் கண்ட தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் உயிர், ஊராரின் இரக்கம் அன்று எவ்வளவு சுரந்தது என்பதைப் பொறுத்திருப்பது நீதியன்று. வேடிக்கை இல்லாத ஊரிலும் குழந்தைகள் நோயுறுகிறார்கள். ஃபார்பரே இதனை உணர்ந்து, மேரி லாஸ்கர் அம்மையாருடன் சேர்ந்து அரசின் கதவைத் தட்டினார். 1971-இல் அந்நாட்டில் புற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியதில் அவ்விருவர் பங்கு பெரிது. இன்று உலகில் ஆண்டுதோறும் நான்கு இலட்சம் குழந்தைகளும் இளம்பருவத்தினரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் பிழைக்கின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் முப்பதின்மரும் பிழைப்பதில்லை. மருந்து அதுவே, நோயும் அதுவே. 2030-க்குள் எங்கும் அறுபதின்மரையேனும் காப்பது என்று அந்நிறுவனம் 2018-இல் இலக்கு வகுத்துள்ளது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். தேர் ஓடும் வீதியைச் செப்பனிட்டு வைப்பது ஆள்வோர் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

ஜிம்மி என்னானான் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அவன் இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். அந்நாளில் பிழைத்தோர் அத்துணைச் சிலர். அவன் இயற்பெயர் ஐனார் குஸ்டாஃப்சன். மெய்ன் மாநிலத்தின் சிற்றூரொன்றில் பண்ணை வீட்டில் பிறந்தவன். அவனுக்கிருந்தது வயிற்றிற் கண்ட புற்றுநோய். மருத்துவம் முடிந்து ஊர் திரும்பி, வளர்ந்து, மணந்து, பெண்களைப் பெற்று, லாரி ஓட்டிப் பிழைத்தார். தம்மை இன்னார் என்று அவர் பறைசாற்றிக் கொள்ளவில்லை. 1998-இல், நிதியின் பொன்விழா ஆண்டில், அவர் உயிரோடிருக்கும் செய்தி வெளிப்பட்டது. அதன்பின் அவர் மருத்துவமனைக்கு வந்து நோயுற்ற குழந்தைகளைக் கண்டு பேசினார். 2001 ஜனவரியில், அறுபத்தைந்தாம் வயதில், வேறு நோயால் காலமானார்.