வழி கேட்டுப் போகிறவர்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்களில் பெரும்பாலோர் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் பிடிக்கிறார்கள். கார் கடற்கரைக் கோயில் அருகே நிற்கும். இறங்குவார்கள், படம் எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது சுற்றுவழி. மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவேன். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வேதகிரீஸ்வரர் மலை ஜன்னலில் தெரிந்ததும் பக்கத்து சீட் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கித் தருவார். இறங்கும்வரை அவர் மேல் ஒரு கண் இருந்தபடியே இருக்கும்.

மாமல்லபுரம் நடக்கிற அளவுக்கான ஊர். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே நிற்கிறது, டிக்கெட் கிடையாது. அங்கிருந்து ஐந்து ரதத்துக்கு வழி கேட்டபோது இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, "ஆட்டோ எதுக்கு தம்பி? கல்லு அறுக்கிற சத்தத்தோடயே போங்க, ரதம் வந்துடும்" என்றார். அப்படியேதான் இருந்தது. வழியெல்லாம் சிற்பக்கூடங்கள். உளியைவிட இப்போது மெஷின் சத்தம்தான் அதிகம். முடிக்காத பிள்ளையார் ஒருவர் தும்பிக்கை வரை வந்து, மிச்சம் கல்லாகவே உட்கார்ந்திருந்தார். பல்லவர் காலத்தோடு முடிந்துபோன வேலையில்லை இது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இதே ஊரில்தான் இருக்கிறது.

வழி கேட்க நமக்கு ஏன் இத்தனை கூச்சம்? செல்போன் வரைபடம் வந்தபிறகு அது இன்னும் கூடிவிட்டது. சொந்த ஊரில் எல்லாம் தெரிந்தவர்களாகவே உலவுகிறோம். வெளியூரில் ஒன்றும் தெரியாதவராய் நின்று ஒருவர் கையை எதிர்பார்ப்பது கௌரவக் குறைவாகப் படுகிறது. எனக்கென்னவோ, ஆண்டுக்கொரு முறையாவது அப்படி நிற்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்றே தோன்றுகிறது.

ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்கிறார் என்று புலம்புகிறவர்கள் உண்டு. கேட்கத்தான் செய்வார். சனி ஞாயிறு கூட்டத்தை வைத்து வாரம் முழுக்க ஓட்ட வேண்டியவர் அவர். ஒருமுறை பேரம் பேசுவேன், அதற்குமேல் பேசுவதில்லை. ஆயிரக்கணக்கில் ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிட்டு இருபது ரூபாய்க்கு ஆட்டோவில் மல்லுக்கட்டுவது அசிங்கம்.

போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட், அன்றைக்கே இரண்டையும் பார்த்துவிட வேண்டும். இடைப்பட்ட தூரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வெயில் ஏறுவதற்குள் அதை நடந்தே கடந்துவிடுங்கள்.